சீமைக்கருவேலம் ஏன் இப்படி பரவுது? ஆக்கிரமிப்புத் தாவரம்னா என்னன்னு ஆரம்பத்துல இருந்து பாப்போம்

சீமைக்கருவேலத்தைப் பத்தி கருத்து இல்லாத ஆளை தமிழ்நாட்டுல பாக்கறது கஷ்டம். "காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சிடும், அதனாலதான் மழையே இல்ல", "ஆக்ஸிஜன் விடாது", "மாட்டை அதுல கட்டினா மலடாயிடும்", "ஒரு குருவிகூட அதுல கூடு கட்டாது", "நம்ம நாட்டை அழிக்க வெள்ளைக்காரன் அனுப்பின விதை"ன்னு வருசா வருசம் அதே ஃபார்வர்டு புது படத்தோட சுத்திட்டே இருக்கு. இதுல முக்காவாசி தப்பு. ஆனா ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கம் போனா கண்மாய்க்குள்ள, வாய்க்கால்ல, தரிசு புஞ்சையில, ரோட்டோரத்துல எங்க பாத்தாலும் இந்த முள்ளுதான் நிக்குதுங்கறது கண்ணால பாக்கற உண்மை. உண்மையான ஒரு பிரச்சினைக்கு பொய்க்காரணத்தைச் சொல்லிட்டு திரியறோமேங்கறதுதான் எனக்கு வருத்தம், ஏன்னா காரணம் தப்புன்னா வைத்தியமும் தப்பாத்தான் போகும், போயிட்டும் இருக்கு. அதனால இந்த மரத்தை வச்சே "ஆக்கிரமிப்புத் தாவரம்"ங்கறது என்ன, அது எப்படி வேலை செய்யுதுங்கறதை, சயின்ஸ் படிச்சு ரொம்ப நாள் ஆனவங்களுக்கும் புரியற மாதிரி எழுதிப் பாக்கறேன்.

வெளிநாட்டுல இருந்து வந்ததெல்லாம் கெட்டதா?

இல்ல. நம்ம அடுப்படியில போய் பாருங்க, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், முந்திரி, நிலக்கடலை, மரவள்ளி, பப்பாளி, கொய்யா, இது அத்தனையும் அமெரிக்கக் கண்டங்கள்ல பிறந்தது. போர்ச்சுகீசியர் கப்பல் வர்றதுக்கு முன்னாடி நம்ம குழம்புல காரத்துக்கு மிளகுதான், மிளகாய்ங்கற பொருளே இங்க கிடையாது. இன்னைக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. அதே மாவட்டம், அதே வெயில், அதே மண்ணு. அங்க நிக்கற சீமைக்கருவேலமும் மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்காவோட வடபக்கம்னு அந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். ஒண்ணு ஊருக்குப் பேர் வாங்கித் தந்துச்சு, இன்னொண்ணு ஊரையே மூடிடுச்சு. ரெண்டும் வெளிநாடுதான், அப்ப "வெளிநாடு"ங்கறது மட்டும் காரணமா இருக்க முடியாதுல்ல.

இங்க ரெண்டு வார்த்தையைப் பிரிச்சு வச்சுக்கணும். ஒரு செடியோ பிராணியோ தானா வந்து சேர முடியாத இடத்துக்கு மனுசன் மூலமா வந்துச்சுன்னா அது அயல் இனம். அப்படி வந்தது யாரும் விதைக்காம, தண்ணி ஊத்தாம தானாவே பெருகி, ஏற்கனவே அங்க இருந்த உயிர்களையும் மக்களோட பிழைப்பையும் பாதிக்கற அளவுக்குப் பரவினாத்தான் அது ஆக்கிரமிப்பு இனம். மிளகாய்ச் செடியை ஒரு வருசம் கவனிக்காம விட்டா போச்சு, அது நம்மள நம்பி இருக்கற செடி. சீமைக்கருவேலத்துக்கு நம்ம தயவு தேவையில்ல.

சுருக்கமா சொன்னா, வந்த ஊரைப் பாத்து முடிவு பண்ணக்கூடாது, வந்த இடத்துல என்ன செய்யுதுன்னு பாக்கணும். அயல் இனங்கள்ல ரொம்பக் கொஞ்சம்தான் ஆக்கிரமிப்பா மாறுது. ஏன் கொஞ்சம் மட்டும்ங்கறதுதான் அடுத்த கேள்வி.

வாடகை கட்டாத கடை

ஒரு கடைத்தெருவை நினைச்சுக்கங்க. அங்க இருக்கற எல்லா கடைக்காரரும் மாசம் வாடகை கட்டணும், கரண்ட் பில் கட்டணும், மார்க்கெட் சுங்கம் கட்டணும், அதெல்லாம் போகத்தான் மீதி. அந்தத் தெருவுக்கு புதுசா ஒருத்தர் வர்றார், அவர்கிட்ட யாரும் வாடகையும் கேக்கல, சுங்கமும் கேக்கல. அவர் அஞ்சு ரூபா குறைச்சு விக்கலாம், வர்ற காசையெல்லாம் போட்டு பக்கத்து கடையையும் பிடிக்கலாம், இப்படியே ரெண்டு மூணு வருசத்துல பாதித் தெரு அவர் கையில. அவர் கெட்டவர்னு இல்ல, மத்தவங்க கட்டறதை அவர் கட்டல, அவ்வளவுதான்.

செடிங்க விசயத்துல அந்த வாடகை எதுன்னா, பூச்சியும் நோயும் மேயற வாயும்தான். நம்ம வேம்போ நாட்டுக்கருவேலமோ இங்கேயே லட்சக்கணக்கான வருசமா இருக்கறதால அதோட இலையைத் தின்ன ஒரு புழு, விதையைத் துளைக்க ஒரு வண்டு, பட்டையில வர ஒரு பூஞ்சைன்னு எல்லாம் அதோட சேர்ந்தே வளர்ந்து வந்திருக்கு. ஒரு மரம் பண்ற உழைப்புல பெரிய பங்கு இவங்களுக்குப் போயிடும். சீமைக்கருவேலத்துக்கும் அதோட சொந்த ஊர்ல இந்தச் செலவெல்லாம் உண்டு, அதோட விதையையே நம்பி வாழற விதைவண்டுங்க அங்க இருக்கு. ஆனா இங்க கொண்டுவந்தவங்க விதையை மட்டும் கொண்டுவந்தாங்க, வண்டைக் கொண்டுவரல. இப்படி சொந்த ஊர் எதிரிங்ககிட்ட இருந்து தப்பிச்சு வந்ததால ஒரு இனத்துக்குக் கிடைக்கற லாபத்தைத்தான் எதிரி விடுதலைன்னு சொல்றாங்க.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல, நம்ம ஊர்லயே கண்ணால பாத்த சாட்சி இருக்கு. சப்பாத்திக்கள்ளி தெரியும்ல, அதுவும் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான், 100 வருசத்துக்கு முன்னாடி தென்னிந்தியாவுல ஏக்கர் ஏக்கரா நிலத்தை மூடிக் கிடந்துச்சு, வெட்டிப் போட்டா வெட்டின துண்டெல்லாம் வேர் விட்டுச்சு. 1926-ல அதோட சாறை மட்டுமே குடிச்சு வாழற கொச்சினீல்ங்கற பூச்சியை, மாவுப்பூச்சி மாதிரி வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும், இலங்கையில இருந்து கொண்டுவந்து விட்டாங்க. சில வருசத்துலயே கள்ளிக்காடு கரைஞ்சுபோச்சு. இன்னைக்கு சப்பாத்திக்கள்ளி இருக்கு, ஆனா யாருக்கும் அது ஒரு தொல்லையாவே தெரியறதில்ல. அதே கள்ளி, அதே மண்ணு, மாறினது ஒண்ணே ஒண்ணு, எதிரி வந்து சேர்ந்துடுச்சு.

அப்ப சீமைக்கருவேலத்துக்கும் வண்டு விட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். தென்னாப்பிரிக்காவுல 1980-கள் கடைசியில இருந்து இதோட சொந்தக்கார மரங்களுக்கு விதைவண்டு விட்டுப் பாத்தாங்க. அங்க என்ன ஆச்சுன்னா வண்டு போய் சேர்றதுக்கு முன்னாடியே ஆடுமாடு காயைத் தின்னு விதையை வேற இடத்துல போட்டுடுச்சு, அதனால எதிர்பார்த்த பலன் முழுசா வரல. அதோட, வெளியூர்ப் பூச்சி ஒண்ணைக் கொண்டுவந்தா அது நம்ம நாட்டு மரங்களைத் தொடாதுன்னு வருசக்கணக்குல சோதிச்சுப் பாத்துட்டுத்தான் விடணும், அவசரப்பட்டா இன்னொரு ஆக்கிரமிப்பை நாமளே இறக்கினதா ஆயிடும்.

மரத்துக்குள்ள இருக்கற பலம்

எதிரி இல்லாதது ஒரு பாதி. மீதிப் பாதி இந்த மரம் எப்படிப்பட்டதுங்கறது.

முதல்ல வேர். தண்ணி தேடி எவ்வளவு ஆழத்துக்கும் போகும். அமெரிக்காவோட அரிசோனாவுல ஒரு சுரங்கம் தோண்டினப்ப இந்தக் குடும்ப மரம் ஒண்ணோட வேர் 53 மீட்டர் ஆழத்துல இருந்ததா பதிவு இருக்கு. எல்லா இடத்துலயும் அவ்வளவு போகும்னு அர்த்தம் இல்ல, ஆனா சித்திரை வெயில்ல மத்ததெல்லாம் காஞ்சு நிக்கறப்ப இது மட்டும் பச்சையா நிக்கறதுக்கு காரணம் இதுதான். உப்பு மண்ணையும் தாங்கும். இன்னொண்ணு, அவரைக் குடும்பத்து மரமா இருக்கறதால வேர்ல இருக்கற பாக்டீரியா மூலமா காத்துல இருக்கற நைட்ரஜனை உரமா மாத்திக்கும், சத்தே இல்லாத மண்ணுலயும் பட்டினி கிடக்காது.

அடுத்து விதை. காய் இனிப்பா இருக்கும், ஆடு மாடு தேடித் தின்னும். ஆனா இலை கசக்கும், அதை எதுவும் சீண்டாது. இதை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, தன்னை மேயவிடாம விதையை மட்டும் சுமந்துட்டுப் போக வைக்குது. விதையோட மேல்தோல் ரொம்ப கெட்டி, ஆட்டு வயித்துக்குள்ள போயிட்டு வர்றப்ப அது இளகி, புழுக்கையோட சேர்ந்து உரத்தோட கீழ விழும். கோடியக்கரையில வெளிமானும் இதே வேலையைத்தான் பண்ணுது, அது மேயற புல்வெளியையே அது பரப்பற முள்ளு தின்னுட்டு இருக்கு. முளைக்காத விதையும் மண்ணுக்குள்ள வருசக்கணக்கா உயிரோட தூங்கும். அப்படி மண்ணுல சேர்ந்து கிடக்கற விதைக் கூட்டத்துக்கு விதை வங்கின்னு பேர். மேல நிக்கற மரத்தை எண்றது சுலபம், கீழ கிடக்கற வங்கியை யாரும் எண்றதில்ல.

மூணாவது, வெட்டினா அடித்தூர்ல இருந்து பத்து கிளையா வெடிச்சு வரும், இதைத்தான் மறுதளிர்ப்புங்கறாங்க. ஒத்தை மரமா நின்னது வெட்டின பிறகு புதரா நிக்கும், உள்ள நுழையவே முடியாது.

நாலாவதா, இதோட இலைச் சருகுல இருக்கற சில வேதிப்பொருள் மண்ணுல இறங்கி மத்த செடிங்க முளைக்கறதைக் கெடுக்குது. ஒரு செடி ரசாயனத்தால இன்னொரு செடியை அடக்கறதுக்குப் பேர் அல்லெலோபதி. நிழலும் சேர்ந்துக்கறப்ப அடர்ந்த கருவைக்காட்டுக்கு கீழ புல்லு பாக்கறது அபூர்வம்.

இதுவரைக்கும் சொன்னதைச் சேர்த்துப் பாத்தா, பிடுங்கித் தின்ன எதிரி இல்ல, வறட்சியைத் தாங்கற வேர் இருக்கு, சுமந்துட்டுப் போக ஆடு இருக்கு, வெட்டினாலும் திரும்ப வர்ற தூர் இருக்கு. ஆனா இவ்வளவு இருந்தும், நடந்துபோக இடம் இல்லாட்டி இது பரவியிருக்காது. அந்த இடத்தைக் குடுத்தது நாம.

மனுசன் பங்கு

அமெரிக்க சதி, காமராஜர் காலத்து வேலைன்னு சொல்றவங்களுக்கு ஒரு தேதி சொல்றேன். இந்தியாவுல இந்த விதையை ஊன்றினது 1877-ல, கடப்பா மாவட்டம் கமலாபுரம் பக்கம், அப்ப சென்னை மாகாணத்துல வனத்துறை அதிகாரியா இருந்த பெட்டோம்ங்கறவர் விறகுக்காகக் கேட்டு வாங்கினது. காமராஜர் பிறந்ததே 1903-ல. அதுக்கப்புறமும் விறகுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் பல இடத்துல அரசாங்கங்களே விதைச்சாங்க. குஜராத் கட்ச் பகுதியில உப்புப் பாலைவனம் முன்னேறி வருதுன்னு 1960-கள் ஆரம்பத்துல பன்னி புல்வெளியில போட்டாங்க, இன்னைக்கு அந்தப் புல்லை நம்பி எருமை வளர்த்த மால்தாரி மக்கள் இதை "காண்டோ பாவல்"னு, பைத்தியக்கார கருவேலம்னு கூப்பிடறாங்க. கென்யாவுல பாரிங்கோ ஏரி பக்கத்து மக்கள் அரசாங்கத்து மேல கேஸே போட்டு, இந்தக் காயோட சர்க்கரையால பல்லு விழுந்துபோன ஆட்டை 2006-ல கோர்ட்டுக்கே சாட்சியா கூட்டிட்டுப் போனாங்க. சதின்னு எதுவும் இல்ல, நல்லது பண்றோம்னு நினைச்சு எல்லா ஊர்லயும் பண்ணதுதான்.

நம்ம தென் மாவட்டத்துல இது எப்படி வேரூன்றுச்சுன்னு பாத்தா அது நிலத்தோட கதை. மானாவாரி பூமி, கண்மாய் தூர்வாரல, வரத்துக்கால் அடைஞ்சுபோச்சு, ரெண்டு வருசம் மழை ஏமாத்துச்சுன்னா விவசாயம் கட்டுபடி ஆகாது, இளவட்டங்க சென்னைக்கோ திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போயிட்டாங்க, புஞ்சை தரிசா கிடந்துச்சு. தரிசுல ஆடு மேஞ்சுச்சு, ஆடு விதையைப் போட்டுச்சு. மூணு நாலு வருசத்துல முள்ளுக்காடு. அதைத் திருத்தி உழணும்னா செலவு எக்கச்சக்கம், அதனால இன்னும் கொஞ்சம் பேர் நிலத்தை விட்டாங்க. நிறைய பேர் "கருவை வந்ததால விவசாயம் போச்சு"ங்கறாங்க, ஆனா பல இடத்துல விவசாயம் போன பிறகுதான் கருவை வந்துச்சு, வந்த பிறகு திரும்பிப் போக விடாம பண்ணிடுச்சு. இதுல எது முன்னாடிங்கறது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன்.

இதையும் சொல்லியாகணும், அந்த முள்ளுலதான் எத்தனையோ குடும்பம் இன்னைக்கும் சோறு திங்குது. மூணு நாலு வருசத்துக்கு ஒருதடவை நிலத்தை வெட்டுக்கு விடுவாங்க, விறகை அடுக்கி மேல மண்ணு பூசி உள்ள காத்து போகாம நாள்கணக்கா புகைய விட்டு கரிமூட்டம் போடுவாங்க, அந்தக் கரி லாரி லாரியா வெளியூர் போகுது. நிலமே இல்லாத கூலி ஜனத்துக்கு மழை பொய்ச்ச வருசத்துலயும் கையில காசு வர்ற ஒரே வேலை பல ஊர்ல இதுதான். அந்தப் புகையில நின்னு வேலை பாக்கறது கொடுமை, ஆனா நாளைக்கே மொத்தத்தையும் அழிச்சுட்டா அவங்களுக்கு என்ன பதில்னு யோசிக்காம திட்டம் போடறது அதைவிடக் கொடுமை.

ஃபார்வர்டு கதைங்களைப் பாப்போம்

காத்துல இருந்து ஈரத்தை உறிஞ்சுதுங்கறது தலைகீழ். எந்த மரமா இருந்தாலும் வேர் வழியா தண்ணி எடுத்து இலை வழியா நீராவியா காத்துக்குத்தான் விடும். உண்மையான குற்றச்சாட்டு வேற: மத்த மரம் இலை உதிர்த்து சும்மா நிக்கற கோடையிலயும் இது பச்சையா நின்னு நிலத்தடித் தண்ணியை மேல அனுப்பிட்டே இருக்கும், அதுவும் நெருக்கமா ஆயிரக்கணக்குல நிக்கறப்ப அந்தச் செலவு பெருசு. ஆக்ஸிஜன் விடாதுங்கறதும் பொய், பச்சை இலை இருந்தா ஒளிச்சேர்க்கை இருக்கு, ஒளிச்சேர்க்கை இருந்தா ஆக்ஸிஜன் வரும். நிழல்ல கட்டின மாடு மலடாகும்ங்கறதுக்கு ஆதாரம் கிடையாது, காயை மட்டுமே நிறைய தின்ன மாடுங்களுக்கு நரம்பு பாதிச்சு சரியா மெல்ல முடியாமப் போறது பிரேசில்ல பதிவாகியிருக்கு, அது வேற விசயம். பறவை கூடு கட்டாதுன்னா திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் போய் பாருங்க, நாட்டுக்கருவேலத்தோட சேர்த்து இந்த மரத்துலயும் மஞ்சள்மூக்கு நாரை கட்டியிருக்கும். மரம் இல்லாத இடத்துல இருக்கற மரத்துல கட்டுது, அது அதோட கஷ்டம்.

அப்ப வெட்டினா போயிடுமா?

2017-ல மதுரை உயர்நீதிமன்றக் கிளை எல்லாத்தையும் வெட்டணும்னு சொல்லி மாவட்டம் மாவட்டமா பொக்லைன் இறங்குச்சு, அதே வருசம் நிபுணர் ஆய்வு இல்லாம இப்படி வெட்டக்கூடாதுன்னு நீதிமன்றமே நிறுத்தியும் வச்சுது. 2022-ல தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்குன்னே ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு. அதோட பேர்லயே வாழிடத்தை மீட்கறதும் சேர்ந்து இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னா வெட்டறது பாதி வேலைகூட கிடையாது.

மேலோட வெட்டினா மறுதளிர்ப்பு. பொக்லைன் விட்டு தூரோட பிடுங்கினா மண்ணு புரண்டு, கீழ தூங்கின விதை வங்கி வெளிச்சம் பாத்து ஒரே மழையில முளைக்கும். பிடுங்கின இடத்தை வெறுமனே விட்டா முதல்ல ஓடிவர்ற செடி மறுபடி இதுதான், ஏன்னா வெறும் நிலத்துல ஓடறதுல இதை ஜெயிக்க ஆளில்ல. அதனால எடுத்த கையோட அந்த இடத்தை வேற யாராவது பிடிச்சாகணும்: விவசாயம் பண்ண முடிஞ்சா விவசாயம், இல்லன்னா புல்லு, பனை, வேம்பு, நாட்டுக்கருவேலம், குடைவேலம்னு அந்த மண்ணுக்குப் பழகினது. நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்து வெட்டிடாதீங்க: அதோட பூ மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கி இருக்கும். சீமைக்கருவேலத்துப் பூ விரல் நீளத்துக்கு கதிர் மாதிரி தொங்கும், காய் அவ்வளவு இடுங்காம நீளமா, கொஞ்சம் வளைஞ்சு இருக்கும்.

எங்க இருந்து ஆரம்பிக்கணும்னா என் பார்வையில கண்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும்தான், அங்க இது தண்ணியோட வழியையே மறிக்குது, எடுத்தா ஊருக்கே உடனே பலன். பறவை கூடு கட்டியிருக்கற இடத்துல கடைசியா, அதுவும் மாத்து மரம் வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா. கரி போடற நிலத்துல அந்தக் குடும்பங்களோட பேசி, திருத்தற வேலையையே அவங்களுக்குக் கூலியாக்கி.

அப்புறம் வருசா வருசம் ஒரு வேலை இருக்கு, இதை விட்டுட்டுத்தான் நிறைய ஊர்ல தோத்துப்போறாங்க. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு, எடுத்த இடத்துல முளைச்சிருக்கற கன்னை மண்ணு ஈரமா இருக்கறப்பவே கையால வேரோட இழுத்துடணும். முளைச்ச முதல் சில வாரம் சின்னப் பிள்ளை இழுத்தாலே வரும், அடுத்த கோடைக்குள்ள ஆணிவேர் இறங்கிடுச்சுன்னா மம்பட்டி வேணும், அதுக்கடுத்த வருசம் திரும்ப பொக்லைன்தான். விதை வங்கி காலியாகற வரைக்கும், அதாவது பல வருசத்துக்கு, இந்த இழுப்பு தொடரணும். ஒரு ஊரு இந்த வேலைக்கு ஊரக வேலைத் திட்டத்துல ஆள் போட முடியுமான்னு அடுத்த கிராமசபையில கேட்டுப் பாருங்க.